கேளுங்க, சொல்றேன்: காலேஜ்ல புது இன்ஜினியரிங் பிளாக் கட்டுறவங்களுக்கு

போன இதழ்ல "கேம்பஸ்ல கட்டடம் கட்டுறவங்க கேள்வி அனுப்பலாம்"னு ஒரு வரி போட்டிருந்தோம், அதுக்கு வந்த மெயில், வாட்ஸ்அப் வாய்ஸ் நோட் எல்லாம் கேட்டு முடிக்கவே நேரம் சரியா போச்சு. வீடு கட்டுறவங்க இந்த மாசம் கொஞ்சம் பொறுத்துக்கோங்க, உங்களுக்கு அடுத்த இதழ்ல பதில் வரும். இந்த தடவை முழுக்க இன்ஜினியரிங் பிளாக் தான், அதுவும் பெரும்பாலும் கட்ட சொல்ற யுனிவர்சிட்டி பக்கத்துல இருந்து வந்த கேள்விகளா எடுத்திருக்கேன், ஏன்னா அந்த பக்கம் உக்காந்திருக்கறவங்களுக்கு சொல்லிக் குடுக்க ஆளே இல்ல.

நான் மெக்கானிக்கல் புரொஃபசர். எங்க யுனிவர்சிட்டில நாலு டிபார்ட்மெண்ட்டுக்கு சேர்த்து ஒரு புது பிளாக் வருது, பில்டிங் கமிட்டிக்கு என்னை கன்வீனரா போட்டுட்டாங்க. முதல் மீட்டிங்லயே ஆர்க்கிடெக்ட் முகப்பு படம் காட்டினார், எல்லாரும் கைதட்டினாங்க. எனக்கு எங்க ஆரம்பிக்கறதுன்னே தெரியல. (பேராசிரியர், திருநெல்வேலி)

சார், அந்த முகப்பு படத்தை கொஞ்ச நாள் தள்ளி வைங்க. உங்க முதல் வேலை லிஸ்ட் எடுக்கறது. ஒவ்வொரு லேப் இன்சார்ஜையும், கூடவே தினமும் அந்த ரூம்ல நிக்கிற டெக்னிக்கல் அசிஸ்டன்ட்டையும் உக்கார வச்சு ஒரு ரூமுக்கு ஒரு ஷீட் எழுதி வாங்குங்க. என்னென்ன மெஷின், எத்தனை கிலோ, நீளம் அகலம் உயரம் என்ன, த்ரீ ஃபேஸா சிங்கிள் ஃபேஸா, எத்தனை கிலோவாட், தண்ணி வேணுமா, ட்ரெயின் வேணுமா, கம்ப்ரஸ்டு ஏர் வேணுமா, புகை வருமா, சத்தம் வருமா, அதிர்வு வருமா, ஒரு பேட்ச்ல எத்தனை பசங்க நிப்பாங்க. இதுக்கு பேரு ரூம் டேட்டா ஷீட். எச்.ஓ.டி. மட்டும் ஃபில் பண்ணினா பாதி விட்டுப்போகும், அந்த அசிஸ்டன்ட் தான் "சார், இந்த மெஷினுக்கு பின்பக்கம் பேனல் திறக்க மூணு அடி வேணும்"னு சொல்லுவார்.

ஏன் இவ்ளோ அழுத்தி சொல்றேன்னா, கட்டடத்துக்கு எவ்ளோ எடை எடுக்கணும்னு சொல்ற இந்திய தர விதி (கோடு) ஐ.எஸ். 875, அதோட ரெண்டாவது பாகத்துல கல்விக் கட்டடத்துல லேப்னு போட்டா சதுர மீட்டருக்கு 3 கிலோநியூட்டன் லோடு, அதாவது சுமாரா 300 கிலோ. ஸ்ட்ரக்சுரல் டிசைனர் கையில "லேப்"ங்கற ஒத்த வார்த்தை மட்டும் போய் சேர்ந்தா அவர் அதைத்தான் எடுப்பார், அவர் மேல தப்பே இல்ல. அதே கோட்ல மெஷின் ஓடுற தொழிற்சாலை தளம்னு வந்தா லைட் டியூட்டிக்கு 5, மீடியத்துக்கு 7, ஹெவிக்கு 10. உங்க மெஷின் ஷாப்பும் கம்ப்யூட்டர் லேப்பும் டிராயிங்ல ஒரே மாதிரி சதுரமா தெரியும், ஆனா தளம் தாங்க வேண்டிய எடை ரெண்டு மூணு மடங்கு வித்தியாசம். 100 டன் யூ.டி.எம். (இழுத்து அமுக்கி பலம் பாக்கற டெஸ்டிங் மெஷின்), பெரிய லேத், ஃபவுண்டரி இதெல்லாம் கிரவுண்ட் ஃப்ளோர்னு முதல் நாளே முடிவு பண்ணிடுங்க, அதுக்கான மெஷின் ஃபவுண்டேஷன், பிட், போல்ட் இடம் எல்லாம் தரை போடறதுக்கு முன்னாடியே டிராயிங்ல வரணும். மெஷின் உள்ள போற வழியையும் பாருங்க. ஒரு காலேஜ்ல புது சி.என்.சி. மெஷின் (கம்ப்யூட்டர் ஓட்டற மெஷின்) லாரில வந்து நிக்குது, கதவு அகலம் பத்தல, கடைசில புதுசா பூசின சுவரை இடிச்சு உள்ள தள்ளினாங்க. ஒரு ரோலிங் ஷட்டர் போட்டிருந்தா முடிஞ்சிருக்கும்.

மெட்ராலஜி லேப்புக்கு தனியா கவனம் குடுங்க, அளவெடுக்கற வேலைக்கு உலகம் முழுக்க 20 டிகிரி செல்சியஸ் தான் ஸ்டாண்டர்டு, அதனால அதை மொட்டை மாடிக்கு கீழயோ மேற்கு சுவர் ஓரத்துலயோ வச்சுட்டு ஏ.சி. கூட மல்லுக்கட்டாதீங்க. எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் இருந்தா லிஃப்ட்ல இருந்தும் ஜெனரேட்டர்ல இருந்தும் தள்ளி வைக்கணும். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் லேப்புக்கு தரைக்கு கீழ சம்ப், மேல தண்ணி மட்டம் மாறாம நிக்கிற டேங்க் ரெண்டும் வேணும். இங்கிலாந்துல லெஸ்டர் யுனிவர்சிட்டில ஸ்டிர்லிங், கோவன்னு ரெண்டு ஆர்க்கிடெக்ட்கள் 1963-ல முடிச்ச இன்ஜினியரிங் பில்டிங் ஒண்ணு இருக்கு, உலகம் முழுக்க ஆர்க்கிடெக்சர் பசங்க படிக்கிற கட்டடம். அதோட டவர் அவ்ளோ உயரம் போனதுக்கு காரணம் ஹைட்ராலிக்ஸ் லேப் தான். 100 அடி உயரத்துல இருந்து தண்ணி இறங்கணும்னு டிபார்ட்மெண்ட் கேட்டுது, அந்த டேங்க்கை உச்சில வச்சு கட்டடத்தோட உருவமே அதுல இருந்து வந்துச்சு. லேப்காரங்க சொன்னது முதல்லயே ஆர்க்கிடெக்ட் காதுக்கு போனா அழகும் தானா வரும் சார்.

ஷீட் எல்லாம் வந்ததும் ஒரு தேதி வைங்க. அந்த தேதிக்குள்ள எல்லா டிபார்ட்மெண்ட்டும் கையெழுத்து போட்டுடணும், அதுக்கப்புறம் மாத்தணும்னா செலவு என்ன, எத்தனை நாள் தள்ளும்னு எழுதி துணைவேந்தர் கையெழுத்தோட தான் மாத்தணும். இந்த ஒரு விஷயத்துல மட்டும் பிடிவாதமா இருங்க, பழகினவங்க முகம் சுளிப்பாங்க, பரவால்ல.

ஹாஸ்டலை தரைத்தளம் பிளஸ் 4 மாடி கட்டிட்டோம், அதே மாதிரி இன்ஜினியரிங் பிளாக்கும் கட்டலாம்னா ஆர்க்கிடெக்ட் மூணு மாடியோட நிறுத்தலாம்ங்கறார். ஏன்? (நிர்வாக அலுவலர், ஈரோடு)

அவர் சொல்றதுல நியாயம் இருக்கு. நம்ம தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகள் 2019-படி 18.30 மீட்டர் உயரம் தாண்டினா அது ஹைரைஸ். ஹாஸ்டல் ஒரு மாடி 3.3 மீட்டர்னு வச்சா அஞ்சு தளம் 16.5-ல முடிஞ்சிடும். லேப்புக்கு டக்ட், கேபிள் ட்ரே எல்லாம் சீலிங்ல ஓடணும், 4.2 மீட்டராவது வேணும்பாங்க, அப்போ நாலு தளம் 16.8, அஞ்சாவது போட்டா 21. ஹைரைஸ் ஆயிடுச்சுன்னா சுத்தி விட வேண்டிய இடம், ரோட்டு அகலம், ஃபயர் சர்வீஸ் என்.ஓ.சி., அப்ரூவல் நேரம் எல்லாமே மாறும். அந்த ஒரு மாடி உண்மையிலேயே வேணுமான்னு பார்த்து முடிவெடுங்க, ஆனா அப்ளிகேஷன் போடறதுக்கு முன்னாடி எடுங்க.

எங்க கேம்பஸ் முழுக்க கரிசல் மண். கான்ட்ராக்டர் "பக்கத்துல லைப்ரரி கட்டினப்ப எடுத்த சாயில் டெஸ்ட் ரிப்போர்ட்டே போதும், வேணும்னா நடுவுல மண்ணு பாக்க ஒரு போர் (துளை) போட்டுக்கலாம்"ங்கறார். சரியா? (வாசகர், கோவில்பட்டி)

சரியில்லைங்க. மண் ஆய்வுக்கான கோடு ஐ.எஸ். 1892 என்ன சொல்லுதுன்னா, சுமார் 0.4 ஹெக்டேர், நம்ம கணக்குல ஒரு ஏக்கர், அந்த அளவு இடத்துக்கு நாலு மூலைல நாலு, நடுவுல ஒண்ணு, ஆக அஞ்சு போர். கட்டடத்தோட மொத்த செலவுல இதுக்கு ஆகற காசு ஒண்ணுமே இல்ல. கரிசல்ல இன்னும் முக்கியம், ஏன்னா கரிசல் எத்தனை அடி ஆழம் வரைக்கும் போகுதுங்கறது ஒரே கேம்பஸ்லயே இடத்துக்கு இடம் மாறும், ஒரு மூலைல ஆறு அடில சுக்கான் வந்துடும், இன்னொரு மூலைல பதினஞ்சு அடிக்கும் கருப்பாவே வரும்.

வெயில்ல பாளம் பாளமா வெடிச்சு மழைல ஊதற மண்ணு இது, மேல கட்டடம் இருந்தாலும் அது பாட்டுக்கு ஊதும். அதுக்குன்னே ரூர்க்கில இருக்கற மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் (சி.பி.ஆர்.ஐ.) அண்டர் ரீம்டு பைல்னு (பைல்னா மண்ணுக்குள்ள ஆழமா இறக்கற கான்கிரீட் தூண்) ஒண்ணு கொண்டு வந்தாங்க, தண்டை விட அடில ரெண்டரை மடங்கு அகலமா குமிழ் மாதிரி விரிச்சு, மண்ணோட ஈரம் மாறாத ஆழத்துல போய் பிடிச்சுக்கற பைல், ஐ.எஸ். 2911 மூணாவது பாகம் முழுக்க அது தான். அது உங்க கட்டடத்துக்கு ஒத்துவருமா இல்ல வேற பைலான்னு சாயில் ரிப்போர்ட் தான் சொல்லணும், லோடு அதிகம்னா வேற வழி எடுப்பாங்க. எந்த பைலா இருந்தாலும் பைல்களை மேல இணைக்கற கிரேடு பீமுக்கு அடில மண்ணு முட்டாம இடைவெளி விட்டிருக்காங்களான்னு நீங்களே குனிஞ்சு பாருங்க, இதை மட்டும் நிறைய சைட்ல மண்ணைப் போட்டு நிரப்பி மேல கான்கிரீட் போட்டுடறாங்க, அப்புறம் மண்ணு ஊதறப்ப பீமை கீழ இருந்து தள்ளும். இன்னொண்ணு, தோண்டற வேலையை ஐப்பசில ஆரம்பிக்காதீங்க. பங்குனி சித்திரைல தோண்டி வடகிழக்கு பருவமழைக்கு முன்னாடி பிளிந்த் மட்டத்துக்கு (கட்டடத்தோட தரை மட்டம்) மேல வந்துடற மாதிரி டெண்டர் தேதியை பின்னோக்கி கணக்கு போடுங்க. வேலை ஆணை ஆவணில குடுத்துட்டு கான்ட்ராக்டரை திட்டறதுல அர்த்தமே இல்ல.

எங்க யுனிவர்சிட்டிலயே சிவில் டிபார்ட்மெண்ட் இருக்கு, ஸ்ட்ரக்சுரல்ல டாக்டரேட் பண்ணினவங்களே மூணு பேர். அவங்களே டிசைன் பண்ணி அவங்களே செக் பண்ணினா செலவு மிச்சம் தானே? (பெயர் வேண்டாம், சேலம்)

டிசைன் பண்றவரும் செக் பண்றவரும் ஒரே ஆபீஸ்ல, ஒரே எச்.ஓ.டி. கீழ இருக்கக்கூடாது. உங்க சிவில் ஆளுங்க டிசைன் பண்ணட்டும், இல்ல வெளி கன்சல்டன்ட் பண்ணினதை அவங்க செக் பண்ணட்டும், எதாவது ஒண்ணு. ப்ரூஃப் செக்கை, அதாவது வேற ஒருத்தர் டிசைன் கணக்கை சரிபாக்கறதை, ஒரு ஃபார்மாலிட்டியா நினைக்காதீங்க. 2014 ஜூன் 28-ம் தேதி சென்னை பக்கம் மௌலிவாக்கத்துல கட்டிட்டு இருந்த 11 மாடி கட்டடம் மழை நேரத்துல அப்படியே உக்காந்துடுச்சு, 61 பேர் செத்துப்போனாங்க, பாதுகாப்பு இல்லைன்னு பக்கத்துல நின்ன இன்னொரு டவரை 2016 நவம்பர்ல வெடி வச்சு இறக்கினாங்க. அங்க டிசைன்லயே குறை இருந்துச்சு. ரெண்டாவது ஜோடி கண்ணு ஒண்ணு நிஜமா உக்காந்து அந்த கணக்கை பார்த்திருக்கணும்னு இன்னிக்கும் மனசு அடிச்சுக்குது.

செக் பண்றவர் கிட்ட ரெண்டு கேள்வி நீங்க கேக்கலாம், சிவில் தெரிய வேண்டியதில்ல. 2002-ல நிலநடுக்கத்துக்கான கோடு ஐ.எஸ். 1893-ஐ மாத்தினப்ப சென்னை ஸோன் 2-ல இருந்து ஸோன் 3-க்கு வந்துச்சு, உங்க ஊர் எந்த ஸோன்ல இருக்குன்னு எடுத்தீங்க? கல்விக் கட்டடத்துக்கான 1.5 முக்கியத்துவ ஃபேக்டர் (நிலநடுக்க விசையை ஒன்றரை மடங்கா எடுக்கறது) போட்டீங்களா? ஸோன் 3-ல இருந்து மேல நிலநடுக்கத்தை தாங்கற மாதிரி ஐ.எஸ். 13920-படி கம்பி விவரம் வரணும், அதுல காலம் (தூண்) ரிங்கோட கொக்கி 135 டிகிரி உள்ள மடங்கி இருக்கணும். சைட்ல 90 டிகிரில மடக்கி விட்டுட்டு போயிடுவாங்க, அது கம்பி வளைக்கறவருக்கு ஈஸி. உங்க மூணாம் வருஷ சிவில் பசங்களை பேட்ச் பேட்ச்சா ஹெல்மெட் போட்டு கூட்டிட்டு போய் ஒவ்வொரு காலமா கொக்கியை பாக்க சொல்லுங்க. அந்த பசங்க வாழ்நாள் முழுக்க மறக்க மாட்டாங்க, கட்டடத்துக்கும் நல்லது.

சைட் இன்ஜினியரா சேர்ந்து ஒரு வருஷம் தான் ஆச்சு சார். செமினார் ஹால் ரூஃப் போட்டு 9 நாள் ஆகுது, பீம் 9 மீட்டர் ஸ்பான் (ரெண்டு தூணுக்கு நடுவுல இருக்கற நீளம்). திறப்பு விழா தேதி குறிச்சாச்சு, நாளைக்கு சென்ட்ரிங் பிரிச்சு கீழ டைல்ஸ் வேலை ஆரம்பிக்கணும்னு மேல இருந்து பிரஷர். என்ன சொல்றதுன்னு தெரியல. (இளம் பொறியாளர், மதுரை)

தம்பி, பிரிக்காதீங்க. இதுல யோசிக்கறதுக்கு எதுவுமே இல்ல.

கான்கிரீட்டுக்கான கோடு ஐ.எஸ். 456-ல 11.3.1 பிரிவை பிரிண்ட் எடுத்து சைட் ஆபீஸ் சுவத்துல ஒட்டுங்க. தூண், சுவர் பக்கப்பலகை 16-ல இருந்து 24 மணி நேரத்துல எடுக்கலாம். ஸ்லாப் ஸ்பான் 4.5 மீட்டருக்குள்ளனா முட்டு 7 நாள், அதுக்கு மேலனா 14 நாள். பீம் ஸ்பான் 6 மீட்டருக்குள்ள 14 நாள், 6-க்கு மேல 21 நாள். உங்க பீம் 9 மீட்டர், 21 நாள் முட்டு நிக்கணும். அதுவும் இது ஓ.பி.சி. சிமெண்டுக்கு (கலப்பில்லாத சாதா சிமெண்ட்) சொன்ன கணக்கு, இப்போ நிறைய சைட்ல பி.பி.சி. (ஃப்ளை ஆஷ் கலந்த சிமெண்ட்) தான் ஓடுது, அது மெதுவா தான் பலம் ஏறும், அதனால இன்னும் கூட விடணுமே தவிர குறைக்க முடியாது. தண்ணி கட்டறதும் அப்படித்தான், ஓ.பி.சி.க்கு குறைஞ்சது 7 நாள், பி.பி.சி. மாதிரி கலப்பு சிமெண்டுக்கும் நம்ம ஊர் வெயிலுக்கும் 10 நாள், கலப்பு சிமெண்ட்னா 14 நாள் வரைக்கும் போறது நல்லதுன்னு கோடே சொல்லுது. மொட்டை மாடில பாத்தி கட்டி தண்ணி நிக்குதான்னு காலைல ஒரு தடவை, மதியம் ஒரு தடவை ஏறிப் பாருங்க, மதியம் 3 மணிக்கு காஞ்சு வெள்ளையா கிடந்தா அன்னிக்கு க்யூரிங் நடக்கலன்னு அர்த்தம்.

பலம் டெஸ்ட் பண்ண போடற கான்கிரீட் க்யூப் விஷயமும் சொல்லிடறேன், நீங்க கேக்கலன்னாலும். ஒரே நாள்ல 80 கன மீட்டர் போட்டிருந்தா கோடுபடி 5 சாம்பிள், ஒவ்வொண்ணுக்கும் 3 க்யூப், 28-ம் நாள் டெஸ்டுக்கு மட்டும் 15 வேணும். 7-ம் நாள் பாக்கணும்னா அதுக்கு தனியா. இந்த க்யூபுக்கு கான்கிரீட் எங்க இருந்து எடுக்கறாங்கன்னு நின்னு பாருங்க. பம்ப் பைப் வாய்ல விழற கான்கிரீட்டையே ட்ரேல பிடிச்சு, மூணு லேயரா குத்தி, மேல தேதியும் எந்த பீம் எந்த ஸ்லாப்னும் எழுதணும். ஓரமா தனியா சிமெண்ட் கூட்டி கலக்கி ஒரு கூட்டம் க்யூப் போடறதும் நடக்குது, அந்த க்யூப் பாஸ் ஆகும், மேல இருக்கற பீமுக்கும் அதுக்கும் சம்பந்தமே இருக்காது. ஆர்.எம்.சி. (ரெடிமிக்ஸ் கான்கிரீட்) வண்டி வந்தா டெலிவரி சீட்டுல லோடு பண்ண நேரம் பாருங்க, இறுகறதை தள்ளிப்போடற ரிடார்டர் எதுவும் சேர்க்கலன்னா 2 மணி நேரத்துக்குள்ள இறக்கணும், ட்ராஃபிக்ல மாட்டி இறுகிப்போச்சுன்னு டிரைவர் டிரம்முக்குள்ள ஹோஸ் விட்டா வண்டியை திருப்பி அனுப்புங்க.

பிரஷருக்கு என்ன பண்றதுன்னா, வாய்ல பேசாதீங்க, சைட் ஆர்டர் புக்ல எழுதுங்க. "பீம் ஸ்பான் 9 மீட்டர், கான்கிரீட் போட்ட தேதி இது, ஐ.எஸ். 456-படி முட்டு எடுக்கற தேதி இது, அதுக்கு முன்னாடி எடுக்கணும்னா ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்ட் எழுத்துல தரணும்"னு மூணு வரி. எழுதி நீட்டினதும் முக்காவாசி பேர் பின்வாங்கிடுவாங்க. கன்சல்டன்ட் கூட எழுதித் தர மாட்டார். விழாவை பக்கத்துல முடிஞ்ச விங்ல வச்சுக்கலாம்னு நீங்களே ஒரு வழியும் சொல்லுங்க, மேல இருக்கறவங்களுக்கும் கௌரவமா இறங்கி வர ஒரு படி வேணும் இல்லையா.

செமஸ்டர் எக்ஸாம் நடக்கறப்ப பக்கத்து சைட்ல பிரேக்கர் சத்தம், கிளாஸ் மாறற நேரத்துல ஜல்லி லாரி. யார் கிட்ட சொல்றது? (விரிவுரையாளர், தஞ்சாவூர்)

டெண்டர்லயே போட்டிருக்கணும், போடலன்னா இப்போவே எழுத்துல ஒரு ஏற்பாடு பண்ணுங்க. நவம்பர் டிசம்பர், ஏப்ரல் மே எக்ஸாம் டைம்டேபிளை சைட் ஆபீஸ்ல குடுத்து, எக்ஸாம் ஓடற நேரத்துல இடிக்கறது, கட் பண்றது, துளை போடறது இல்ல, பூச்சு, பெயின்ட், கம்பி கட்டற வேலை மாதிரி சத்தம் கம்மியானதை அந்த நேரத்துக்கு மாத்திக்கணும்னு முடிவெடுங்க. லாரிக்கு தனி கேட் விடறது தான் நிரந்தர வழி. இடமே இல்லைன்னா கிளாஸ் மாறற நேரம், சாப்பாட்டு நேரம், சாயந்திரம் பஸ் நேரம் இந்த மூணுலயும் லாரி உள்ள வரக்கூடாது. சுத்தி தகரம் அடைக்காத சைட்டு பக்கத்துல பசங்க நடமாடறாங்கன்னா இன்னிக்கே ரெஜிஸ்ட்ராருக்கு லெட்டர் போடுங்க, இதுல ஒரு நாள் கூட தள்ளிப்போட வேண்டாம்.

வேலை எட்டு மாசம் லேட். கான்ட்ராக்டர் "டிராயிங் நீங்க குடுக்கல, அதனால கால நீட்டிப்பும் விலை உயர்வும் வேணும்"ங்கறார், எங்க இன்ஜினியரிங் செல் "அவர் கிட்ட லேபரே இல்ல, ஃபைன் போடுங்க"ங்குது. ஃபைல் என் டேபிள்ல இருக்கு, யார் சொல்றது உண்மைன்னு எனக்கு எப்படி தெரியும்? (நிதி அலுவலர், சென்னை)

மேடம், ஹிண்டரன்ஸ் ரெஜிஸ்டர் (வேலைக்கு வந்த தடைகளை எழுதற புக்) கொண்டு வர சொல்லுங்க. அதுல தான் பதில் இருக்கணும். வேலை எதனால நின்னுச்சு, எந்த தேதில இருந்து, எந்த தேதி வரைக்கும், எந்த பகுதி வேலை பாதிச்சுது, நம்ம இன்ஜினியர் கையெழுத்து, கான்ட்ராக்டர் கையெழுத்து. அவ்ளோதான் அந்த புக். ஒழுங்கா எழுதியிருந்தா நீங்க அரை நாள்ல கணக்கு போட்டுடலாம். சம்ப் டிராயிங் வராம 24 நாள், மரம் வெட்ட அனுமதி வராம 40 நாள்னு வரிசையா வரும், ஒரே சமயத்துல ரெண்டு தடை ஓடியிருந்தா அந்த நாட்களை ஒரு தடவை தான் எண்ணணும், தனித்தனியா கூட்டி பெரிய நம்பர் காட்டுவாங்க, அதை கவனிங்க. அந்த டிராயிங் வராததால உண்மையிலேயே வேலை நின்னுச்சா, இல்ல அதே நேரத்துல செய்ய வேண்டிய வேற வேலை இருந்தும் ஆள் இல்லாம கிடந்துச்சான்னும் பாக்கணும், அதுக்கு அன்னன்னிக்கு எத்தனை கொத்தனார், எத்தனை சித்தாள், எத்தனை கம்பி ஆள்னு லேபர் ரிப்போர்ட் இருக்கும்.

லேபர் இல்லைங்கறது கான்ட்ராக்டர் தலைவலி. பொங்கலுக்கு நம்ம ஆளுங்க போவாங்க, ஹோலிக்கும், தீபாவளி முடிஞ்ச கையோட சத் பூஜைக்கும் பீகார் ஆளுங்க போவாங்க, இது எல்லாம் வருஷா வருஷம் தெரிஞ்ச விஷயம், பார் சார்ட்ல முதல்லயே வந்திருக்கணும். ஆனா டிராயிங் லேட் ஆனது, டிபார்ட்மெண்ட் மனசு மாறினது, பில் பணம் மூணு மாசம் நின்னது இதெல்லாம் நம்ம கணக்கு. இங்க நேர்மையா இருக்கணும் மேடம். பெரும்பாலான ஃபைல்கள்ல ரெண்டு பக்கமும் லேட் இருக்கும், அதை அப்படியே பிரிச்சு எழுதறது தான் ஆடிட்லயும் நிக்கும், நாளைக்கு ஆர்பிட்ரேஷன் போனாலும் நிக்கும்.

விலை உயர்வுக்கு அக்ரிமெண்ட்ல ஷரத்து இருக்கான்னு பாருங்க, இல்லைன்னா நீங்க நல்ல மனசோட கூட குடுக்க முடியாது. வரி மாறினா யார் தாங்கறதுன்னும் பாருங்க, 2022-ல அரசு சார்ந்த ஒர்க்ஸ் கான்ட்ராக்ட் ஜி.எஸ்.டி. 12-ல இருந்து 18 சதவீதம் ஆனப்ப இந்த ஒரு வரி இல்லாம எத்தனையோ பில் மாசக்கணக்குல நின்னுச்சு. எக்ஸ்ட்ரா ஐட்டம்னு வர்றது எல்லாத்துக்கும் யார் கேட்டாங்க, எந்த தேதில கேட்டாங்க, வேலை செய்யறதுக்கு முன்னாடி ரேட் ஒத்துக்கிட்டாங்களான்னு மூணு பேப்பர் கேளுங்க. எம்.புக்ல (வேலை அளவு எழுதற மெஷர்மெண்ட் புக்) அளவு இருக்கு, ஆனா கேட்டவர் பேரே இல்லைன்னா, அது யாரோ ஒரு புரொஃபசர் சைட்டுக்கு வந்து "இந்த பார்ட்டிஷனை அந்த பக்கம் தள்ளிடுங்க"னு வாய்ல சொன்னதா தான் இருக்கும். ஹிண்டரன்ஸ் ரெஜிஸ்டரே இல்லைன்னு செல் சொன்னா, பழைய தேதி போட்டு இப்போ எழுதற வேலைக்கு மட்டும் ஒத்துக்காதீங்க. இருக்கற லெட்டர், மெயில், மீட்டிங் மினிட்ஸ் இதை வச்சே ஒரு பட்டியல் எடுக்க சொல்லுங்க, இன்னிக்கு தேதி போட்டே எடுக்கட்டும்.

முன்பக்கம் முழுக்க கண்ணாடி வேணும், அப்போதான் இன்டர்நேஷனல் லுக் வரும்னு மேனேஜ்மெண்ட் சொல்றாங்க. எங்க டிபார்ட்மெண்ட் மேற்கு பார்த்த பக்கம். பயமா இருக்கு. (உதவிப் பேராசிரியர், காஞ்சிபுரம்)

பயம் நியாயமானது தான். மதியம் 2 மணில இருந்து 5 வரைக்கும் மேற்கு வெயில் நேரா உள்ள வரும், பிராக்டிகல் நடக்கற நேரமே அது தான். கட்டடத்தோட நீளவாக்கு கிழக்கு மேற்கா ஓடி ஜன்னல் எல்லாம் வடக்கு தெற்கு பார்க்கற மாதிரி வந்தா பாதி பிரச்சனை தீரும், மேற்கு பக்கம் படிக்கட்டு, டாய்லெட், ஸ்டோர் வைங்க. மேல சொன்ன லெஸ்டர் கட்டடத்துல ஒர்க்‌ஷாப் கூரையை முழுக்க கண்ணாடில 45 டிகிரி திருப்பி வடக்கு வெளிச்சம் வர்ற மாதிரி போட்டாங்க, அந்த ஊருக்கு அது அருமையான யோசனை. அதை அப்படியே இங்க கொண்டு வரக்கூடாது. நம்ம ஊர் 13 டிகிரி அட்சரேகைல இருக்கறதால ஏப்ரல் கடைசில இருந்து ஆகஸ்ட் நடு வரைக்கும் உச்சி வெயிலே வடக்கு பக்கமா தான் நிக்கும், அதனால இங்க வடக்கு ஜன்னலுக்கும் சன்ஷேடு வேணும்.

மேனேஜ்மெண்ட்டை கிண்டி இன்ஜினியரிங் காலேஜ் சிவப்பு கட்டடத்துக்கு ஒரு தடவை கூட்டிட்டு போங்க. 1794-ல சர்வே ஸ்கூலா ஆரம்பிச்ச காலேஜ், 1920-ல அந்த கட்டடத்துக்கு வந்தாங்க. மே மாசம் மத்தியானம் அந்த வராண்டால பத்து நிமிஷம் நிக்க வைங்க, தடி சுவரும் நிழலும் என்ன பண்ணும்னு உடம்பே சொல்லும். கண்ணாடி வேணும்னே அடம்பிடிச்சா நுழைவாயில் லாபிக்கு மட்டும் போட்டுக்கலாம், அங்க யாரும் மூணு மணி நேரம் உக்காந்து ரீடிங் எடுக்கப்போறதில்ல.

புது பிளாக்கை அடுத்த மாசம் ஹேண்டோவர் வாங்கணும். எதை எதை பாக்கணும்? (துறைத்தலைவர், இ.இ.இ., நாமக்கல்)

பெயின்ட்டை கடைசியா பாருங்க. டாய்லெட், மொட்டை மாடி ரெண்டுலயும் ரெண்டு நாள் தண்ணி கட்டி கீழ்த்தளத்துல இருந்து ஈரம் தெரியுதான்னு பாருங்க. நீங்க இ.இ.இ.ங்கறதால எர்த் பிட் ரீடிங்கை நீங்களே எர்த் மெக்கர் வச்சு எடுங்க, அவங்க குடுக்கற பேப்பரை மட்டும் நம்பாதீங்க. ஜெனரேட்டர், யூ.பி.எஸ்., மெயின் பேனல் எதுவும் பேஸ்மெண்ட்ல இருக்கக்கூடாது, 2015 டிசம்பர் வெள்ளத்துல சென்னைல எத்தனை கட்டடத்துல முதல்ல செத்தது பேஸ்மெண்ட்ல இருந்த பேனல் தான். ஃபயர் பம்ப்பை ஓட விட்டு மேல் மாடி ஹோஸ்ல பிரஷர் வருதான்னு பாருங்க. லிஃப்ட் லைசென்ஸ், மின் ஆய்வாளர் சர்டிஃபிகேட், கம்ப்ளீஷன் சர்டிஃபிகேட் மூணும் ஒரிஜினலா கையில வரணும், கம்ப்ளீஷன் இல்லாம ஈ.பி. கனெக்‌ஷனே வராது.

ரொம்ப முக்கியமானது ஆஸ் பில்ட் டிராயிங், அதாவது நிஜமா கட்டினபடி போட்ட டிராயிங். டெண்டர் டிராயிங்லயே பேரை மாத்தி குடுத்துடுவாங்க. கையில ஒரு டேப் எடுத்துட்டு போய் ரெண்டு ரூம்ல ஸ்விட்ச்போர்டும் பைப்பும் டிராயிங்ல போட்ட இடத்துல தான் இருக்கான்னு அளந்து பாருங்க, ஒத்துவரலன்னா மொத்த செட்டையும் திருப்பி அனுப்புங்க. ரிடென்ஷன் பணம் (பில்லுல நம்ம பிடிச்சு வச்ச தொகை) முழுசா ரிலீஸ் ஆகறதுக்கு முன்னாடி ஒரு மழைக்காலம் அந்த கட்டடம் பார்த்திருக்கணும், அதனால டிஃபெக்ட் லயபிலிட்டி காலம் (குறையை கான்ட்ராக்டரே சரி பண்ணித் தர வேண்டிய காலம்) எப்போ முடியுதுன்னு காலண்டர்ல குறிச்சு வைங்க, முடியறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி ஒவ்வொரு ரூமா போய் லிஸ்ட் எடுங்க.

நான் வீல்சேர்ல போற மூணாம் வருஷ மாணவி. இப்போ இருக்கற பிளாக்ல லிஃப்ட் இருக்கு, ஆனா ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு படி இறங்கணும், எப்பவும் யாராவது தூக்கி விடணும். புது பிளாக் இப்போ அஸ்திவார மட்டத்துல இருக்கு, அதோட டிராயிங்ல ராம்ப் போட்டிருக்குன்னு சொல்றாங்க. அது போதுமா? (மாணவி, கோவை)

போதாதும்மா. நீங்க கேட்டது இந்த மாசம் வந்ததுலயே முக்கியமான கேள்வின்னு நினைக்கறேன், டிராயிங்ல ராம்ப்னு ஒரு கோடு இருந்தா எல்லாரும் டிக் போட்டுட்டு போயிடறாங்க. ராம்ப் சரிவு 1-க்கு 12 இருக்கணும், அதாவது கட்டடத்தோட பிளிந்த் 600 மில்லிமீட்டர் உயரம்னா ராம்ப் 7.2 மீட்டர் நீளம் ஓடணும், நடுவுல திரும்பற இடத்துக்கு சமதளம் தனி. பல டிராயிங்ல இந்த நீளத்துக்கு இடமே விட்டிருக்க மாட்டாங்க, சைட்ல சறுக்கு மரம் மாதிரி ஒண்ணு போட்டு முடிச்சுடுவாங்க. கதவு திறந்தப்புறம் 900 மில்லிமீட்டர் சுத்தமா கிடைக்கணும், வீல்சேர் முழுசா திரும்ப ஒண்ணரை மீட்டர் வட்டம் வேணும், டாய்லெட் ஒவ்வொரு மாடிலயும் வேணும். ஒர்க்‌ஷாப் தரையும் காரிடார் தரையும் ஒரே மட்டமா வரணும்னா தளம் போடறப்பவே முடிவாகணும், மெஷினுக்காக தரையை இறக்கித்தான் ஆகணும்னா அந்த 150 மில்லிமீட்டருக்கு 1.8 மீட்டர் ராம்ப் உள்ளயே வரணும். லேப் மேஜைல ஒண்ணாவது அடில கால் போற மாதிரி காலியா இருக்கணும், அதைப் பத்தி யாருமே பேசறதில்ல.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல இது உங்க உரிமை, யார் கிட்டயும் தயவா கேக்க வேண்டியதில்ல. பில்டிங் கமிட்டி கன்வீனருக்கு ஒரு லெட்டர் எழுதுங்க, கமிட்டி மீட்டிங்ல டிராயிங்கை உங்க முன்னாடி விரிச்சு கேட்டுல இருந்து ஒர்க்‌ஷாப் மெஷின் வரைக்கும் வீல்சேர் போற வழியை பென்சில்ல போட்டுக் காட்ட சொல்லுங்க, பென்சில் எங்க நிக்குதோ அந்த இடத்தை மினிட்ஸ்ல எழுத வைங்க. இப்போ அஸ்திவார மட்டத்துல தான் வேலை போகுதுன்னு எழுதியிருக்கீங்க, பிளிந்த் பீம் போடறதுக்கு முன்னாடி அந்த லெட்டர் போய் சேரணும்.